மலைத் தண்ணீரும் அயோடின் படமும்

எங்கள் குடும்பத்து ஆண்கள் மலைத் தண்ணீர் குடிப்பதில்லை.

போடியிலிருந்து மெட்டுக்கு ஏறும் ஜீப்புகளில், வேலைக்குப் போகிறவர்களின் தூக்குவாளிகளுக்கும் உரச் சாக்குகளுக்கும் நடுவே, வாரம் இரண்டு முறை எங்கள் வீட்டு நீலக் கேன்கள் ஏறும். கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்தில் இருக்கும் என் தம்பி பாண்டிக்கு அதுதான் குடிதண்ணீர். தோட்டத்தின் இரண்டு பக்கமும் ஓடை. மழைக்காலத்தில் அந்தச் சத்தத்தில் போனில் பேசவே முடியாது. அப்படிப்பட்ட இடத்துக்குக் கீழே இருந்து குழாய்த் தண்ணீர் போவதைப் பார்த்து ஜீப் டிரைவர்கள் தொடக்கத்தில் சிரித்தார்கள். பிறகு கேலியும் பழகிப்போய், கேன் வராத நாளில் அவர்களே விசாரிக்கிற அளவுக்கு வந்துவிட்டது.

காரணம் எங்கள் அய்யா. அவர் ஐம்பது வயதைப் பார்க்கவில்லை. அவருடைய அண்ணனும் பார்க்கவில்லை. இருவரும் தோட்டத்திலேயே இருந்தவர்கள். இருவருக்கும் உடம்பு வற்றி, முகம் வெளுத்து, வயிற்றின் வலது பக்கத்தில் கையால் தொட்டால் தெரிகிற மாதிரி ஒரு கட்டி வந்தது. மலைத் தண்ணீர் வயிற்றில் உறைந்துவிட்டது என்று தோட்டத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். எல்லோரும் அதையே சொன்னதால் அது நோயின் பெயராகவே ஆகிவிட்டது. அய்யாவின் காரியம் முடிந்த கையோடு அம்மா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு போடிக்கு இறங்கிவிட்டார். நான் கீழேயே தங்கிவிட்டேன். தோட்டங்களுக்குப் படுதா, சாக்கு, காய் சலிக்கும் சல்லடை விற்கும் கடை என்னுடையது. பாண்டிக்குக் கீழே கால் தரிக்கவில்லை. மீசை முளைத்ததும் மேலே ஏறிவிட்டான். அம்மா அவனைத் தடுக்கவில்லை. அங்கே ஒரு சொட்டுகூடக் குடிக்க மாட்டேன் என்று அவனிடம் கையடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டு விட்டார். அம்மா போய்ச் சேர்ந்த பிறகும் கேன்கள் நிற்கவில்லை.

ஊரில் எந்த மாதம் மழை பொய்த்தது, மெட்டுச் சாலையில் பாறை எப்போது சரிந்தது, ஏலக்காய் எப்போது உச்ச விலைக்குப் போனது என்று எழுதி வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. நூலகத்தில் கிடைப்பதையெல்லாம் படிப்பேன். ஊர்க் கதையை எழுதிப் பழகிய கை, தன் உடம்பின் கதையை எழுதத் தயங்குகிறது. ஆனால் இப்போது உடம்பு தேறியிருக்கிறது. கடையில் கூட்டமும் இல்லை. நான் பார்த்த ஒன்றை மற்றவர்களுக்குச் சொல்லாமல் இருப்பது சரியென்று படவில்லை.

தொடங்கியது ஆனி மாதக் கடைசியில். என் மனைவி செல்வி ஆடி என்பாள், அது தவறு. எதிர்த்த ஜவுளிக்கடையில் ஆடித் தள்ளுபடிப் பதாகை இன்னும் கட்டவில்லை. ஒரு கட்டுப் படுதாவைத் தோளில் வைத்துக்கொண்டு கடையின் மாடிப்படி ஏறியவன் பாதியில் உட்கார்ந்துவிட்டேன். நெஞ்சு படபடத்தது. ஊர் மருத்துவர் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, ரத்தம் குறைவாக இருக்கிறது என்று இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். அந்த மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுத்துப் போகும் என்றும் சொன்னார். கறுத்தது. மாத்திரையின் வேலை என்று நிம்மதியாக இருந்தேன். உள்ளே மெல்ல ஒழுகிக்கொண்டிருந்த ரத்தமும் அதே நிறத்தில்தான் வெளியே வரும் என்பதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன்.

ஆவணியில் மறுபடி ரத்தம் பார்த்தபோது ஏறவே இல்லை. மருத்துவர் இந்த முறை மாத்திரையை மாற்றவில்லை. ஆணுக்கு இந்த வயதில் காரணமில்லாமல் ரத்தம் குறையாது, எங்கேயோ கசிகிறது, மதுரைக்குப் போய்க் குடலைப் பாருங்கள் என்று சீட்டு எழுதினார்.

மதுரையில் ஒரு பெரிய மருத்துவமனை. முன்பதிவு மேசையில் இருந்த பெண் ஒரு படிவத்தில் எழுதிக்கொண்டே வரிசையாகக் கேட்டாள். சர்க்கரை உண்டா, ரத்தக் கொதிப்பு உண்டா, வெற்றிலை, புகையிலை உண்டா. கடைசியாக, குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் இருந்ததா. நானும் செல்வியும் ஒரே நேரத்தில் இல்லை என்றோம். நாங்கள் பொய் சொல்லவில்லை. அப்படி ஒரு சொல் எங்கள் வீட்டில் யார் சாவோடும் சேர்த்துச் சொல்லப்பட்டதே இல்லை.

குடலைச் சுத்தம் செய்யும் மருந்தைக் குடித்த அன்று நான் பட்ட பாட்டை எழுத வேண்டாம். மறுநாள் மயக்க ஊசி போட்டு, கேமரா பொருத்திய மெல்லிய குழாயைப் பின்வழியாகச் செலுத்திப் பார்த்தார்கள். பெருங்குடல் தொடங்குகிற இடத்தில், வலது பக்கத்தில், ஒரு வளர்ச்சி. அதிலிருந்து கொஞ்சம் சதையைக் கிள்ளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். புற்றுதான் என்று முடிவு வந்ததும் அறுவை மருத்துவர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். சாப்பாட்டில் எதையெல்லாம் தள்ள வேண்டும் என்று செல்வி கேட்டாள். எதையும் தள்ள வேண்டாம் என்றார். அந்தப் பதில்தான் அவளை அழ வைத்தது. தள்ளுவதற்கு ஏதாவது இருந்திருந்தால் தாங்கியிருப்பாள்.

பஸ்சில் திரும்பும்போது உசிலம்பட்டியில் வண்டி நின்றது. செல்வி ஜன்னலோரம் வந்த கொய்யாவை வாங்கி, துடைத்து, பாதியாகக் கடித்து என்னிடம் நீட்டினாள்.

“தின்னுங்க. எதையும் தள்ள வேண்டாம்னு சொல்லிட்டாருல்ல.”

அடுத்தது ரத்தத்தில் ஒரு சோதனை. குடல் புற்றுள்ள பலருக்கு ரத்தத்தில் ஒரு குறிப்பிட்ட பொருள் கூடுதலாக இருக்கும். அதைக் கட்டியின் அடையாளம் என்கிறார்கள். சிகிச்சைக்குப் பிறகு அது ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே வருவார்கள். எனக்கு அது சாதாரண அளவில்தான் இருந்தது. நான் சந்தோஷப்பட்டேன். அறுவை மருத்துவர் அதில் சந்தோஷப்பட ஒன்றுமில்லை என்றார். சில கட்டிகள் ரத்தத்தில் தங்களைக் காட்டிக்கொள்வதில்லையாம். கட்டிக்குள்ளேயே பார்க்க வேண்டிய அடையாளங்கள் வேறு உண்டு. கிள்ளி எடுத்த சதை அதற்கும் போயிருக்கிறது, வரத் தாமதமாகும், அதற்குள் சி.டி. ஸ்கேன் எடுத்துவிடலாம் என்றார். எங்கள் மருத்துவமனையில் இப்போது புது எந்திரம் வந்திருக்கிறது, அதில் எடுப்போம் என்றும் சொன்னார்.

புரட்டாசி இரண்டாவது சனிக்கிழமை. பெருமாளுக்கு விரதம் இருக்கிற நாள் என்பதால் வெறும் வயிற்றில் வரச் சொன்னதில் செல்விக்கு ஒரு திருப்தி. ஸ்கேன் அறைக்கு வெளியே நாற்காலிகள். பக்கத்தில் தேவாரம் ஊர்க்காரர் ஒருவர், சிறுநீரகக் கல்லுக்காக வந்தவர். அந்த வாரம் அவருடைய தென்னங்கன்றுகளை யானை பிடுங்கிப் போட்டிருந்தது. கல்லைவிட அந்த வேதனைதான் அவருக்குப் பெரிதாக இருந்தது. கண்ணாடிக் கதவு வழியே எந்திரத்தின் பெரிய வளையத்தை எட்டிப் பார்த்தார்.

“ஏண்ணே, இந்த ஓட்டைக்குள்ள யானை போகுமா?”

“போகாதே.”

“போனா நல்லாருக்கும். எந் தென்னங்கன்னு அது வயித்துல எங்க கெடக்குன்னு பார்த்துப்புடலாம்.”

அந்த வராந்தாவில் அன்றைக்கு முதல்முறையாகச் சிரிப்புச் சத்தம் கேட்டது.

குடல் விரிந்து தெளிவாகத் தெரிய வேண்டும், ஒரு மணி நேரத்துக்குள் இந்தப் பாட்டில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள் என்று ஊழியர் கொடுத்தார். செல்வி அதைத் தொடவிடாமல், கையோடு கொண்டு வந்திருந்த போடித் தண்ணீரைப் பையிலிருந்து எடுத்தாள். எந்தத் தண்ணீராக இருந்தால் என்ன அம்மா என்றார் ஊழியர். அவருக்குத் தெரியாது. எங்களுக்கு வயிறு என்றாலே தண்ணீர்தான்.

பிறகு கையில் ஊசிக்குழாய் பொருத்தினார்கள். அயோடின் கலந்த மருந்தை அதன் வழியாக ரத்தத்தில் செலுத்துவார்கள். ரத்தம் எங்கெல்லாம் போகிறதோ அங்கெல்லாம் அது போய், படத்தில் பளிச்சென்று தெரியும். சாயம் மாதிரிதான் என்றார் ஊழியர், எளிதாகப் புரியட்டும் என்று. செல்வி என் பக்கம் திரும்பினாள்.

“நம்ம ஊருல ஏலக்காய்க்குச் சாயம் ஏத்துனா லோடைத் திருப்பி அனுப்புறாக. இங்க ஆளுக்கே ஏத்துறாக.”

உள்ளே மெத்தென்ற பலகையில் படுத்தேன். கைகளைத் தலைக்கு மேல் வைக்கச் சொன்னார்கள். வளையம் மெல்ல உறுமியது. மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி ஒரு பதிவுக் குரல். மருந்து ஏறியபோது தொண்டையில் துவங்கிய சூடு மார்பு, வயிறு, தொடை என்று இறங்கியது. வாயில் இரும்பு ருசி. சிறுநீர் பிரிந்துவிட்டது போலவே இருக்கும், பயப்பட வேண்டாம், பிரிந்திருக்காது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். சொல்லாமல் இருந்திருந்தால் வெட்கத்தில் எழுந்து ஓடியிருப்பேன். பலகை ஒருமுறை உள்ளே போனது, வெளியே வந்தது. அவ்வளவுதான். ஜீப் ஒரு கொண்டை ஊசி வளைவைத் திரும்புகிற நேரம்கூட ஆகவில்லை.

திங்கட்கிழமை முடிவு வாங்கப் போனபோது, உறையைக் கொடுக்காமல் உள்ளே வரச் சொன்னார்கள். படம் பார்த்துச் சொல்லும் மருத்துவர் ஒரு பெண்மணி, நாற்பதைத் தாண்டியிருப்பார். இருட்டான சின்ன அறை, இரண்டு பெரிய திரைகள். நான் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்கிறவன் என்று அறுவை மருத்துவர் சொல்லியிருப்பார் போலிருக்கிறது. உங்கள் படத்தைப் பார்க்கிறீர்களா என்று கேட்டார்.

நான் படித்த புத்தகங்கள் எதுவும் அதற்கு என்னைத் தயார் செய்யவில்லை. சாம்பல் நிறத்தில் என் உடம்பின் குறுக்கு வெட்டு, அடுக்கடுக்காக மேலிருந்து கீழே ஓடியது. முதுகெலும்பு வெள்ளையாக நின்றது. இரண்டு சிறுநீரகங்களும் விளக்கேற்றியது போல ஒளிர்ந்தன. கல்லீரலுக்குள் ரத்தக் குழாய்கள் கிளை பிரிந்து போவது, மெட்டிலிருந்து இறங்கும்போது மேகம் விலகித் தெரிகிற ஓடைகள் மாதிரி இருந்தது. இத்தனை நாளும் நான் சோறு தின்று, கணக்குப் பார்த்து, தூங்கி எழுந்தபோதெல்லாம் இது இவ்வளவு ஒழுங்காக உள்ளே நடந்துகொண்டிருந்திருக்கிறது. ஒரு நாளும் நான் அதைக் கேட்டதில்லை.

வழக்கமான சி.டி. இவ்வளவுதான், இந்த எந்திரம் இன்னொன்றும் செய்யும் என்றார் மருத்துவர். ஒரே உடம்பை இரண்டு விதமான ஆற்றலுள்ள எக்ஸ்ரே கதிர்களால் ஒரே நேரத்தில் பார்க்கும். எலும்பு ஒரு மாதிரியும் அயோடின் வேறு மாதிரியும் அந்த இரண்டையும் தடுக்கின்றன. அந்த வித்தியாசத்தைக் கணக்கிட்டால், வெறும் நிழலாகத் தெரிவது எந்தப் பொருள் என்றே சொல்லிவிடலாம்.

எனக்கு உடனே புரிந்தது. எங்கள் ஊரில் ஏலக்காயைத் தரம் பார்க்கிறவர்கள், கடைக்குள் டியூப் லைட்டின் கீழ் ஒரு கை காயைப் பார்த்துவிட்டு, அதே கையோடு வாசலுக்கு வந்து வெயிலில் ஒருமுறை பார்ப்பார்கள். உள்ளே பச்சையாகத் தெரிந்த காய் வெயிலில் வெளுத்துப் போகலாம். இரண்டு வெளிச்சத்திலும் பார்த்த பிறகுதான் காய் எப்படிப்பட்டது என்று வாயைத் திறப்பார்கள். அதைச் சொன்னேன். மருத்துவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, இனிமேல் மாணவர்களுக்கு இதையே சொல்கிறேன் என்றார்.

ஒரு பொத்தானை அழுத்தினார். எலும்புகள் மங்கின. சாம்பல் போய், அயோடின் மட்டும் ஆரஞ்சு நிறத்தில் நின்றது. ரத்தம் போன இடமெல்லாம் நிறம். வலது பக்கத்தில், குடலின் சுவரில், ஒழுங்கில்லாமல் தடித்த ஒரு வளையம். அதுதான்.

பயம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. எங்கள் பக்கம் பொட்டிபுரத்தில் மலையைக் குடைந்து நியூட்ரினோவைப் பிடிக்கும் ஆய்வுக்கூடம் அமைக்கப் போவதாகப் பேச்சு வந்தபோது, மலையையே ஊடுருவிப் போகிற துகள் நம் உடம்பையும் ஒவ்வொரு கணமும் ஊடுருவிப் போகிறது என்று படித்திருந்தேன். வேண்டும் வேண்டாம் என்று ஊரே சண்டை போட்டுக்கொண்டிருந்த காலம் அது. நான் மட்டும் கடையில் உட்கார்ந்து என் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அது எதிலும் தங்காமல் போகிறது, அதனால் நம்மைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. இந்தக் கதிர்கள் அப்படியில்லை. கொஞ்சம் தங்கி, கொஞ்சம் தடுமாறி, எங்கே தடுமாறின என்பதை மறுபக்கம் போய்ச் சொல்லியிருக்கின்றன. ஒரு மனிதனைக் கீறாமலே இவ்வளவு தெரிந்துகொள்ள முடிகிறது. அந்த ஆரஞ்சு வளையத்துக்கு எதிரில் கும்பிடத் தோன்றியது என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

மருத்துவர் எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டி எவ்வளவு அயோடினை எடுத்துக்கொண்டது, பக்கத்திலுள்ள பெரிய ரத்தக் குழாயோடு ஒப்பிட்டால் எவ்வளவு என்று ஒரு கணக்கு. அதைக் கொண்டு கட்டியின் உள் அடையாளங்களை முன்கூட்டியே ஊகிக்க முடியுமா என்று பல ஊர்களில் பார்த்துவருகிறார்களாம். இந்த மருத்துவமனையிலும் சதைச் சோதனையின் முடிவோடு ஒப்பிட்டுக் குறித்து வருகிறார்களாம். பிறகு நாற்காலியை எங்கள் பக்கம் திருப்பினார்.

“உங்க அப்பாவுக்கு வயித்துல இப்படி ஏதாவது இருந்துச்சா?”

செல்விதான் பதில் சொன்னாள்.

“மாமா மலைத் தண்ணியால போனாருங்க. வயித்துல கட்டி. வலது பக்கம்.”

“என்ன வயசு?”

“ஐம்பது ஆகலை.”

“வேற யாருக்காவது?”

“இவுக பெரியப்பாவுக்கு. அவரும் மலைத் தண்ணிதான்.”

மருத்துவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. பேனாவை எடுத்து, படிவத்தில் நாங்கள் இல்லை என்று சொல்லியிருந்த இடத்தைத் திருத்தினார். பிறகு நிதானமாகச் சொன்னார். படத்தை மட்டும் வைத்துச் சத்தியம் செய்ய முடியாது. கட்டி இருக்கும் இடம், உங்கள் வயது, இந்த எண்கள், எல்லாம் சேர்ந்து ஒரு சந்தேகத்தைக் கொடுக்கின்றன. சதைச் சோதனைதான் முடிவு சொல்ல வேண்டும். உடம்பில் செல்கள் பெருகும்போது ஒவ்வொரு முறையும் சில பிழைகள் வரும். அவற்றைப் பார்த்துச் சரிசெய்யச் சில புரதங்கள் உண்டு. சில குடும்பங்களில் அந்தப் புரதம் ஒன்றில் பிறவியிலேயே குறை இருக்கும்; அது தலைமுறையாக வரும்.

செல்வி அதைக் கேட்டு மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். கல்யாணத்துக்கு முன்னால் ஏலக்காய்க் கிடங்கில் கழிவு பொறுக்கும் வேலைக்குப் போனவள் அவள்.

“பொறுக்குற பொம்பளைக சோலிக்கு வரலை. கழிவெல்லாம் மூடைக்குள்ள போயிருச்சு. அப்படித்தானுங்களே?”

“அப்படியேதாம்மா.”

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தோம். இத்தனை காலம் நாங்கள் ஒரு மலையைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம். எந்திரம் என் வயிற்றைப் பார்த்தது; கேள்வி அய்யாவிடம் போனது. அவர் முகம் எனக்குக்கூட இப்போது மங்கலாகத்தான் நினைவிருக்கிறது. அவரை அந்த ஆரஞ்சு வளையத்துக்குள் யாரோ ஒருவர் பார்த்துவிட்டார்.

சதைச் சோதனையும் அதையே சொன்னது. ஐப்பசியில் அறுவை நடந்தது. பெருங்குடலின் வலது பாதியை எடுத்துவிட்டு இரண்டு முனைகளையும் இணைத்தார்கள். பக்கத்து நிணநீர்க் கணுக்களில் பரவல் இல்லை. இந்த வகைக் கட்டிக்கு வழக்கமான கீமோ மருந்து அவ்வளவாகப் பயன் தராது, உங்களுக்குத் தேவையும் இல்லை என்றார்கள். ஆக, அந்த அடையாளம் தெரிந்ததால் வீணான ஒரு வேதனையிலிருந்து தப்பினேன். செலவில் பாதியை அரசுக் காப்பீட்டு அட்டை தாங்கியது, மீதியைப் பாண்டியின் காய் தாங்கியது. அதற்குமேல் அவன் பேசவிடவில்லை.

பாண்டி மேலிருந்து வந்து வார்டில் இருந்தான். வரும்போதே தோளில் நீலக் கேன். மதுரைத் தண்ணீரையும் நம்பவில்லை. குடல் இணைத்தவர்கள் சாப்பிட வேண்டுமென்றால் முதலில் காற்றுப் பிரிய வேண்டும். தினமும் காலையில் அறுவை மருத்துவர் வந்து அதை மட்டும் கேட்பார். பிரிந்த அன்று பாண்டி வராந்தாவில் நின்று தோட்டத்துக்கு, கடைக்கு, மச்சினனுக்கு என்று வரிசையாகப் போன் போட்டுச் சொன்னான். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் எனக்குக் கை கொடுத்தார்கள். பிள்ளை பிறந்த வீடு மாதிரி இருந்தது.

தீபாவளிக்கு வீட்டுக்கு வந்துவிட்டேன். கார்த்திகையில் என் ரத்தத்தில் செய்த மரபணுச் சோதனையும் வந்தது. குறை அய்யா வழியாக வந்ததாகத்தான் இருக்க வேண்டும். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. ஆனால் பாண்டிக்கும் அது இருக்க இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு, அவன் உடனே குடலைச் சோதித்துக்கொள்ள வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். அப்பாவும் பெரியப்பாவும் போன வயதை அவன் நெருங்கிக்கொண்டிருந்தான்.

லோடு இறக்க வந்த பாண்டியைக் கடையில் பிடித்து உட்கார வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். கையில் இருந்த சல்லடையைச் சுற்றிக்கொண்டே கேட்டான்.

“எனக்கெதுக்குண்ணே? நான்தான் மலைத் தண்ணி குடிக்கிறதே இல்லையே.”

“டேய், தண்ணிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைங்கிறேன். நான் கீழேயே இருந்தவன். எனக்கு வரலையா?”

“நீ சின்னதுல ஓடையில குடிச்ச. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது குப்புறப் படுத்துக் குடிப்ப. அம்மாதான் சொல்லியிருக்கு.”

குடித்தது உண்மை. அம்மாவுக்குச் செய்த சத்தியத்தை அவன் ஒரு நாளும் மீறவில்லை. அது தன்னைக் காப்பாற்றும் என்று முழுசாக நம்பியிருந்தான். காய் எடுப்பு தை வரை இருக்கிறது, அதற்குப் பிறகு பார்க்கலாம் என்று எழுந்துவிட்டான். செல்வி டீயோடு வந்து வழியை மறித்து நின்றாள்.

“கொழுந்தனாரே, காயி எங்கயும் ஓடிப் போயிராது. உக்காருங்க.”

“ஏன் மதினி, நீங்களுமா?”

புத்தகத்தில் படித்ததையெல்லாம் இன்னொரு முறை சொல்ல வாயெடுத்தேன். அதை விட்டுவிட்டு அந்த இருட்டறையில் நடந்ததை மட்டும் சொன்னேன்.

“பாண்டி, குடும்பத்துல யாருக்கும் இல்லைன்னு சொல்லித்தான்டா நாங்க எழுத வச்சோம். அய்யா பேச்சே எடுக்கலை. அந்தம்மா படத்தைப் பார்த்துட்டு, அதுவாக் கேட்டுச்சு.”

“என்னன்னு?”

“உங்க அப்பாவுக்கு இருந்துச்சான்னு.”

சல்லடை சுற்றுவது நின்றது.

“அய்யாவையா கேட்டுச்சு?”

“ஆமா.”

“உன் வயித்தைப் பார்த்துட்டா?”

“ஆமாடா.”

அவன் சல்லடையைக் கீழே வைத்தான். அய்யா இறந்தபோது அவன் சின்னப் பையன். அவனுக்கு அய்யாவின் முகமே நினைவில்லை. டீ ஆறிப்போனது. பிறகு எழுந்து, ஜீப் டிரைவரிடம் போய், நாளைக்கு மேலே வர மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தான்.

மார்கழியில் அவனுக்குக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். நானும் செல்வியும் வெளியே அதே நாற்காலிகளில் இருந்தோம். இந்த முறை பயமாக இருந்தது. எனக்கு வந்தபோது இல்லாத பயம். மருத்துவர் வெளியே வந்து இரண்டு விரலை நீட்டினார். குடலின் வலது பக்கத்தில் மொட்டு போல இரண்டு சதை வளர்ச்சிகள். இன்னும் புற்றாகவில்லை, விட்டிருந்தால் ஆகியிருக்கும். பார்த்த கையோடு வெட்டி எடுத்தாயிற்று. மரபணுச் சோதனையில் அவனுக்கும் குறை இருந்தது. இனி வருடம் தவறாமல் வந்து பார்க்க வேண்டும். அவன் மகள் பெரியவளான பிறகு அவளும். அவ்வளவுதான், அதற்கு மேல் அது உங்கள் வீட்டுக்குள் வர முடியாது என்றார் மருத்துவர். செல்வி அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

தை பிறந்து, பொங்கல் கழிந்த பிறகு நான் மலை ஏற அனுமதி கிடைத்தது. பாண்டியோடு ஜீப்பின் முன்சீட்டில் இருந்தேன். பின்னால் வேலைக்குப் போகும் பெண்கள், உரச் சாக்கு, வழக்கம்போல இரண்டு நீலக் கேன்கள். கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில், பாறையிலிருந்து எப்போதும் தண்ணீர் வழிகிற இடம் உண்டு. ஜீப்புகள் அங்கே நின்று இன்ஜினுக்குத் தண்ணீர் ஊற்றும். எங்கள் ஜீப்பும் நின்றது.

பாண்டி இறங்கினான். பாறைக்கு முன்னால் நின்று சட்டைக் கையை மடித்தான். டிரைவர் வாளியோடு அப்படியே நின்றுவிட்டார். பின்னால் பெண்களின் பேச்சும் நின்றது. அவன் இரண்டு கையையும் குவித்து ஏந்தினான். முதல் கை நிறையச் சேர்ந்ததைக் கீழே விட்டுவிட்டான். பிறகு மறுபடி ஏந்திக் குடித்தான். இன்னொரு தடவை. தாடையிலிருந்து சொட்டச் சொட்ட என் பக்கம் திரும்பினான்.

“எப்படிடா இருக்கு?”

“பல்லு கூசுதுண்ணே.”

காய்ச்சிய தண்ணீர்தான் குடிக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இறங்கிப் போய் ஒரு வாய் மட்டும் குடித்தேன். சின்ன வயதில் குடித்த அதே தண்ணீர்.

டிரைவர் வாளியை நிரப்பினார். பாண்டி பின்பக்கம் போய், ஒரு கேனின் மூடியைத் திறந்து, போடித் தண்ணீரை இன்ஜினுக்கு ஊற்றச் சொன்னான்.